தண்டவாளத்துக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர்?

இந்த வாரக் கடிதங்களில் பாதி ரயிலைப் பற்றி. மீதி, ரயிலில் ஏற முடியாததைப் பற்றி. சலிப்பு தந்த கேள்விக்கு ஒரு வரி. மற்றதற்கெல்லாம் மனசு போனபடி.

கேள்வி: நம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியது யார்? (வாசகர், கிள்ளிப்பாலம்)

பதில்: திவான் ராஜா கேசவதாஸ், 18-ஆம் நூற்றாண்டில். சரக்கு வந்துசேர வழி வைத்தார். சக்கர நாற்காலி வந்துசேர வழி வைக்கும் திவான் இனிமேல்தான் பிறக்க வேண்டும். சீக்கிரம் பிறக்கட்டும்!

கேள்வி: நீங்களும் சக்கர நாற்காலிக்காரர்தானா? (வாசகர், ஆர்யசாலை)

பதில்: ஆமாம். அடுத்த கடிதம்.

கேள்வி: மகன் பெர்லினில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் வரச் சொல்கிறான். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். அங்கே ரயிலில் தனியாகப் போய்வர முடியுமா? (வாசகி, கரமனை)

பதில்: முடியும் அம்மா, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் டிசம்பர் வேண்டாம், மே மாதம் போங்கள். குளிரில் விரல் விறைத்துவிட்டால் சக்கரத்தை யார் தள்ளுவது?

பெர்லினில் ஊருக்குள் ஓடும் ரயில் இரண்டு வகை. பெரும்பாலும் சுரங்கத்தில் ஓடுவது ஊ-பான். பெரும்பாலும் வெளிச்சத்தில் ஓடுவது எஸ்-பான். இரண்டுக்கும் ஒரே உபாயம்தான். வண்டியின் தலைப்பக்கம், ஓட்டுநர் அறை வந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே உயர வித்தியாசம் இருந்தால் பலகை போட்டு ஏற்றிவிடுவார்கள். எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். அங்கேயும் பலகை வரும். பஸ்ஸில் டிரைவரே எழுந்து வந்து, கதவடியில் மடங்கிக் கிடக்கும் பலகையைக் கையால் விரிப்பார். நீங்கள் கெஞ்ச வேண்டாம், கூச்சப்பட வேண்டாம். அது அவர் வேலையில் ஒரு பகுதி.

ஊர் விட்டு ஊர் போகும் ஐ.சி.இ. வண்டிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஜெர்மன் ரயில்வேயில் அதற்கென்றே ஒரு சேவை மையம் இருக்கிறது. சொல்லிவைத்தால் ஊழியர் சின்ன லிஃப்ட் ஒன்றைப் பிளாட்பாரத்தில் தள்ளிக்கொண்டு வருவார்.

அதற்காகச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஜனவரி 1-க்குள் உள்ளூர்ப் போக்குவரத்து முழுவதும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று 2013-இலேயே சட்டத்தில் எழுதினார்கள். தேதி வந்து போய்விட்டது, வேலை முடியவில்லை. பிளாட்பார உயரம்கூட ஒரே மாதிரி கிடையாது: ஒரு இடத்தில் 55 சென்டிமீட்டர், இன்னொரு இடத்தில் 76, எஸ்-பானுக்கு 96. லிஃப்டும் கெட்டுப்போகும். ஆனால் எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடவில்லை என்பதை வெளிப்படையாக அறிவிக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைபேசியில் ஒருதரம் பார்த்துவிடுங்கள். ரவுல் க்ரவுட்ஹவ்சன் என்ற சக்கர நாற்காலிக்காரரும் நண்பர்களும் 2010-இல் தொடங்கிய ‘வீல்மேப்’ வரைபடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சை என்றால் உள்ளே போகலாம், மஞ்சள் என்றால் ஓரளவு, சிவப்பு என்றால் வேறு கடை பாருங்கள். உலகம் முழுவதற்குமான வரைபடம் அது. சாலைக் கடைகளுக்கும் நிறம் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

கேள்வி: ஜெர்மன் ரயில் நொடி பிசகாமல் வருமாமே? (வாசகர், மணக்காடு)

பதில்: அது தாத்தா காலத்துப் புகழ். 2024-இல் அவர்களுடைய நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை சுமார் 62 சதவீதம். அதிலும் 6 நிமிஷத்துக்கு உட்பட்ட தாமதம் தாமதக் கணக்கிலேயே சேராது!

கேள்வி: ரயில் சண்டைக் காட்சி எந்தப் படத்தில் பிரமாதம்? (வாசகர், சாலை)

பதில்: கூரைமேல் ஓடுகிறவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். வாசல் வழியாக ஏறப் போராடும் கதாநாயகன் வந்தால் சொல்லுங்கள், முதல் காட்சிக்கே போகிறேன்.

கேள்வி: தம்பானூர் ஸ்டேஷனில் இருந்து சக்கர நாற்காலியோடு சென்னை போக வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், வள்ளக்கடவு)

பதில்: முதலில் உயரக் கணக்கு. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் இருக்கும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நம் ரயில்வேயின் உயரமான பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். ரயில் பெட்டியின் தரையோ 120 சென்டிமீட்டருக்கும் மேலே. நடுவில் குறைந்தது 36 சென்டிமீட்டர். நடக்கிறவருக்கு அது இரண்டு எட்டு. எனக்கு அது மதில். இந்த ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டால் என் கடிதங்களில் பாதி குறைந்துவிடும்.

தீரும்வரை செய்ய வேண்டியது: ரயில்வே தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். துணையில்லாமல் போக முடியாதவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. இரண்டடுக்கு ஏ.சி.யிலும் முதல் வகுப்பு ஏ.சி.யிலும் 50. கூட வரும் துணைக்கும் அதே சலுகை. 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிற்கவில்லை. பல எக்ஸ்பிரஸ்களில் கார்டு வேனோடு சேர்ந்த மாற்றுத்திறனாளிப் பெட்டி உண்டு. கதவு அகலம், கழிப்பறை பெரிது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கும். அது வண்டியின் கோடியில்தான் நிற்கும். முன் கோடியா பின் கோடியா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் பிளாட்பாரத்தின் நீளத்தை அளப்பது என் டேப்புக்கே ஆகாத வேலை. உதவிக்கு ரயில்வேயின் 139-ஐ அழையுங்கள்.

கேள்வி: வந்தே பாரத் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதே? (வாசகர், பேட்டை)

பதில்: முன்னேற்றம்தான், மனசாரச் சொல்கிறேன். நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையின் பிள்ளை அது. திருவனந்தபுரம்–காசர்கோடு வண்டி 2023 ஏப்ரல் 25 அன்று கிளம்பியது. இரு கோடிப் பெட்டிகளிலும் சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கதவடியில் ஒரு படி தானே நீண்டு வரும். ஆனால் நீண்டு வருவதும் படிதானே? படியை நீட்டத் தெரிந்த என்ஜினீயருக்குச் சாய்தளம் நீட்டத் தெரியாதா? தெரியும். கேட்பவர் கேட்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: எஸ்கலேட்டர் வைத்தால் போதாதா? (வாசகர், வஞ்சியூர்)

பதில்: எஸ்கலேட்டர் நடக்கிறவரை நடக்காமல் ஏற்றும் யந்திரம். எனக்கு அதில் இடமில்லை. லிஃப்டோ என்னையும், கர்ப்பிணியையும், மூட்டைக்காரரையும், முழங்கால் வலிக்காரரையும் வித்தியாசம் பார்க்காமல் ஏற்றும். என் ஓட்டு எப்போதும் லிஃப்டுக்கே.

கேள்வி: நம் நாட்டில் எங்கேயாவது இந்த உயரக் கணக்கு சரியாக வந்திருக்கிறதா? (வாசகி, சாஸ்தமங்கலம்)

பதில்: இப்படிக் கேளுங்கள், வாய் நிறையச் சொல்கிறேன்! சென்னை மெட்ரோ 2015-இல் வந்தது, கொச்சி மெட்ரோ 2017-இல். இரண்டிலும் பிளாட்பாரமும் பெட்டித் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். லிஃப்டில் மேலே போய், யார் கையையும் எதிர்பார்க்காமல் உருட்டி உள்ளே போகலாம். முதல்முறை அப்படிப் போகிறவர் முகத்தைப் பாருங்கள், திருவிழா தெரியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது கொச்சி வாட்டர் மெட்ரோ. திருவனந்தபுரம் வந்தே பாரத்தைப் போல அதுவும் 2023 ஏப்ரல் 25 அன்றுதான் தொடங்கியது. காயலில் நீர் ஏறும், இறங்கும். படகும் கூடவே ஏறி இறங்கும். அசையாத கரையிலிருந்து அசையும் படகுக்கு எப்படிச் சமமட்டம் கொடுப்பது? படகுத்துறையையே மிதக்க விட்டுவிட்டார்கள்! நீர் ஏறினால் துறையும் ஏறும், படகும் ஏறும். இரண்டும் எப்போதும் ஒரே மட்டம். சந்திரன் இழுத்து ஏற்றுகிற நீரோடு கணக்குப் போட்டு ஜெயித்த ஊர் இது. இடத்தை விட்டு அசையாத பிளாட்பாரத்தோடும், என்றைக்கும் மாறாத உயரத்தில் வந்து நிற்கிற பெட்டியோடும் கணக்குப் போடுவதா கஷ்டம்? ரயில்வே பெரியவர்கள் எல்லோரும் ஒருநாள் ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பின் வரை படகில் போய்வர வேண்டும். டிக்கெட் செலவு என்னுடையது.

கேள்வி: ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? (வாசகர், பாளையம்)

பதில்: வந்தார். 2001 ஜனவரியில் டெல்லிக்கு. குதுப் மினார் பார்க்க ஆசைப்பட்டார். அங்கே சக்கர நாற்காலிக்கு வழியில்லை. ஜாவேத் அபிதி என்ற போராளி, அவரும் சக்கர நாற்காலிக்காரர், விடாமல் குரல் கொடுத்தார். தற்காலிகச் சாய்தளங்கள் சட்டென்று முளைத்தன. அபிதி 2018-இல் மறைந்தார். அவர் நமக்கு விட்டுப்போன பாடம்: மனசு வைத்தால் சில நாளில் முடிகிற வேலை இது. விருந்தாளிக்குச் செய்ததை வீட்டுக்காரருக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நான்கு இளைஞர்கள் ஒருவரை நாற்காலியோடு தூக்கி ரயிலில் ஏற்றிய வீடியோ பார்த்து அழுதுவிட்டேன். நீங்கள்? (வாசகி, நேமம்)

பதில்: அந்த நால்வரும் நன்றாக இருக்கட்டும். ஆனால் கேமரா அவர்கள் முகத்தைத்தான் காட்டியது, தூக்கப்பட்டவர் முகத்தைக் காட்டவில்லை. தூக்கும்போது சட்டை விலகும், நாற்காலி சாயும், எந்தக் கை எப்போது நழுவுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு பெண்ணுக்கு அந்நியர் கைகள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நால்வரும் வராத நாளில் அவர் வீட்டிலேயே இருப்பார். உதவி பெரிது, சந்தேகமில்லை. உதவி இல்லாமலும் ஏற முடிவது அதைவிடப் பெரிது. அடுத்தமுறை அழுகை வந்தால் துடைத்துக்கொண்டு 139-க்கு ஒரு புகார் கொடுங்கள்.

கேள்வி: கோர்ட் எதுவும் சொல்லவில்லையா? (வாசகர், தைக்காடு)

பதில்: சொல்லியிருக்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடையில்லா அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 3 மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நம் பக்கம். புகார் எழுதும்போது இவை இரண்டையும் முதல் வரியில் போடுங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: விபத்துக்குப் பின் என் மகளால் நடக்க முடியவில்லை. பி.எஸ்ஸி.யில் இடம் கிடைத்திருக்கிறது. தினமும் ரயிலில் போக வேண்டும். ‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்ய? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அனுப்புங்கள் அண்ணாச்சி.

தென்காசிக்குப் பக்கத்தில், ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் என்றொருவர் இருக்கிறார். 1975-இல் என்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்துத் தைரியம் சொன்ன ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார். இடையில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அங்கே எழுந்து உட்காரக் கற்றார்கள் என்று போய்க் கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். சக்கர நாற்காலியை எப்படி ஓட்டுவது, எப்படி இறங்கி ஏறுவது என்பதெல்லாம் பயிற்சியில் வரும்.

கல்லூரி திறக்கும் முன்பே ஸ்டேஷன் மாஸ்டரைப் பாருங்கள். எந்த வண்டி, எந்தப் பிளாட்பாரம், யார் பலகை போடுவது என்று பேசி, எழுத்தில் கொடுத்து, நகல் வாங்குங்கள். கல்லூரி முதல்வரிடம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்; கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், மகள் அழுவாள், நீங்களும் அழுவீர்கள். நிறுத்தாதீர்கள். அவள் தினமும் போய்வந்தால் அந்த ஸ்டேஷன் அவளுக்காக மாறியே ஆக வேண்டும். வீட்டில் இருந்தால் மாற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். தேவைப்பட்டால் அடுத்த கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.