கம்போங் டுரியான் ருந்துவின் மூத்த குடிமகன்

பண்டமாரானில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், வரிசை வீடுகளில் ஏதோ ஒன்றில் ஒரு மேதை இருப்பான். வயது 11, ஐந்தாம் ஆண்டு மாணவன். தனிம அட்டவணையை ஹைட்ரஜனில் பிடித்தால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கசக்ஸ்தானின் தலைநகரம் அஸ்தானாவா, நூர்சுல்தானா என்று கேட்டால், “எந்த வருசத்துக்குப் பதில் வேணும்?” என்று திருப்பிக் கேட்பான். பெயரை 2019இல் மாற்றி 2022இல் பழையபடியே வைத்துக்கொண்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கேட்டவருக்குத் தெரியாது.

இந்த அறிவுக்கொழுந்து தியூசன் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்ப்பது என்ன? விண்வெளி ஆவணப்படமா? இல்லை. ‘உப்பின் இப்பின்.’

2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பைப் பற்றிச் சொல்வதற்காக டிவி9இல் வந்த தொடர் அது. நாயகர்கள் இருவரும் கம்போங் டுரியான் ருந்துவைச் சேர்ந்த இரட்டையர். அண்ணன் உப்பினுக்கு உச்சந்தலையில் ஒற்றை முடி. தம்பி இப்பினுக்கு அதுவும் இல்லை. ‘தாடிக்கா மெஸ்ரா’ என்ற பாலர் பள்ளியில் படிக்கிறார்கள். படித்தார்கள், படிக்கிறார்கள், இனியும் படிப்பார்கள். நம் மேதை பிறப்பதற்கு முன்பே அங்கே சேர்ந்தவர்கள். இவன் தவழ்ந்து, நடந்து, தன் பாலர் பள்ளியை முடித்து, அவர்களைத் தாண்டி வந்து ஐந்தாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கம்பத்துப் பிள்ளைகளுக்கு இவன் இப்போது அண்ணன் முறை.

அண்ணன் என்பதால் சும்மா பார்ப்பதில்லை, மேற்பார்வை பார்க்கிறான். மாயில் என்ற பையன் அம்மாவுக்கு உதவியாகப் பொரித்த கோழி விற்க வருவான். எதைக் கேட்டாலும் ‘டுவா சிங்கிட்’ என்பான். உடனே மேதை சோபாவில் நிமிர்ந்து உட்காருவான்.

“பாட்டி, கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்ட 2023 நவம்பர்லயே எடுத்துட்டாங்க. எண்ணெய், மாவு, கேஸ் எல்லாம் சேத்தா ரெண்டு வெள்ளிக்குக் கட்டுப்படியாகாது. இந்தப் பையன் நட்டத்துலதான் ஓட்டுறான்.”

“பாவம், தகப்பன் என்ன வேல செய்யிறாரோ,” என்பார் பாட்டி. அவருக்கு மாயில் அடுத்த வீதிப் பையன்தான்.

ராஜூ என்ற தமிழ்ப் பையன் தன் மாட்டோடு வந்தால் ஒலியைக் கூட்டுவான். ஜர்ஜிட் சிங் பந்துன் பாட ஆரம்பித்தால், பாட்டு முடிவதற்குள் எதுகை எங்கே விழும் என்று சொல்லிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 5 வயதுத் தங்கைக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. அவள் பாட்டியின் நெடுந்தொடர் எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். நேற்று பாலில் மாத்திரை கலந்தது மூத்த மருமகளா சின்ன மருமகளா என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் கவலைப்படுகிற ஒரே ஜீவன் அம்மா. வாசலில் விருந்தாளியின் காடி நின்றால், தண்ணீர் கலக்குவதற்கு முன் ரிமோட்டைத் தேடுவார். கதவு திறக்கும்போது திரையில் செய்தி ஓடும். மேதை அதையும் அதே முகபாவத்தோடு பார்ப்பான்.

ஒருநாள் சித்தியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் 7ஏ எடுத்தவர் சித்தி. அரசாங்கம் 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. சித்தியின் 7ஏ மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

“ஏன்டா, ரெண்டு வருசத்துல படிவம் ஒன்னு போகப் போற. பாப்பா கார்ட்டூன் பாக்குறியே, வெக்கமா இல்ல?”

“நீங்க தீபாவளிக்குத் தீபாவளி படையப்பா பாக்குறீங்களே சித்தி. இந்தத் தடவையாச்சும் நீலாம்பரி திருந்துவாளான்னா?”

சித்தி அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

கெட்டிக்காரப் பிள்ளையாகப் பிறந்தவனின் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரிவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவனை நிற்கவைத்து, “13ஐ 17ஆல பெருக்கு பாப்போம்” என்பார்கள். பள்ளியில் புதிர்ப்போட்டி என்றால் முதல் பெயர் அவனுடையது. அறிவியல் விழா, கட்டுரைப் போட்டி எதுவானாலும் ஆசிரியையின் விரல் அவன் பக்கம்தான் நீளும். கார்ட்டூனில் வரும் டோரா அப்படியில்லை. தனக்குப் பின்னாலேயே மலை நிற்க, “மலை எங்கே?” என்று நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கண்சிமிட்டிக்கொண்டு காத்திருப்பாள். இவன் மைலோவை உறிஞ்சிக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான். அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். விடை தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் சுகம், நாள் முழுக்க விடை சொல்லியே களைத்தவனுக்குத்தான் தெரியும்.

பார்த்ததையே பார்க்கிறானே என்பது அடுத்த குற்றச்சாட்டு. அமெரிக்காவில் 1996இல் ‘புளூஸ் குளூஸ்’ என்ற பாலர் நிகழ்ச்சி தொடங்கியபோது, ஒரே பகுதியைத் தொடர்ந்து 5 நாள் ஒளிபரப்பினார்கள். பிள்ளைகள் எழுந்து ஓடவில்லை. நாளாக ஆக, முன்பைவிட அதிகமாகப் பதில் சொன்னார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அப்பா இதில் தலையிடுவதில்லை. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிவிட்டு வருகிறவர், “நியூஸ் வைடா” என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார். பத்தாவது நிமிடத்தில், “இப்ப அந்த ஓப்பா பாட்டி என்ன சொன்னாங்க, எதுக்கு அக்கா ரோஸ் கோவிச்சுக்கிட்டா?” என்று மகனிடம் கேட்பார். மகன் பொறுமையாக விளக்குவான்.

இத்தனைக்கும் இந்தத் தொடரைத் தயாரிக்கும் லெஸ் கோப்பாக் நிறுவனம் பக்கத்து ஷா ஆலாமில்தான் இருக்கிறது. அங்கே படித்த பெரியவர்கள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, உப்பினின் ஒற்றை முடிக்கும் மாயிலின் கோழிக்கும் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். “இந்த வயதில் கார்ட்டூனா?” என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆகவே பண்டமாரானுக்கு விருந்துக்கு வரும் சித்திமாரே, மாமாமாரே! 13ஐ 17ஆல் பெருக்கினால் 221. இதற்காகப் பையனைக் கிளப்பாதீர்கள். சோபாவில் இடமிருந்தால் உட்காருங்கள். கதை புரியாவிட்டால் அவனிடமே கேளுங்கள், விளம்பர இடைவேளையில்.