தேர் எப்படித் திரும்பும்?

வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு மாநகராட்சி ஆணையர் நியமன உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்குள் இருப்பவர் கொஞ்சம் அவசரக்காரர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், ரவுண்டானாவை நகர்த்துவார், ஒருவழிப் பாதையைத் திருப்பிப் போடுவார், மேம்பாலத்தை இடிப்பார். ஆக்கிரமிப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் சிவந்துவிடும். எங்கள் வீட்டு வாசலில் கடைசி இரண்டு படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி மட்டும் அவர் இன்னும் கொள்கை முடிவு எடுக்கவில்லை.

ஆகவே, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் வந்து, "ப்பா, மேத்ஸ் புராஜெக்ட்டுக்கு ஒரு ஊர் கட்டணும்" என்று சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவள் கேட்டது தெர்மோகோல் வாங்கக் காசு மட்டும்தான்.

ஊருக்கு நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது நான்கு இணையான தெருக்கள். அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் குறுக்குவெட்டியாக ஒரு பெரிய சாலை. பள்ளிக்கூடமும் நூலகமும் ஒத்த கோணங்களில் இருக்க வேண்டும். தபால் ஆபீஸும் பூங்காவும் ஒன்றுவிட்ட உட்கோணங்களில். ஒரு வட்டம் கட்டாயம். அளவுத்திட்டம், 1 செ.மீ.க்கு 20 மீட்டர். "எல்லா மூலையிலும் கோணத்தை அளந்து எழுதணுமா?" என்று பரிதாபப்பட்டேன். "ஒண்ணை அளந்தாப் போதும்ப்பா, மத்தது தானா வந்துரும்" என்றாள். இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் எட்டுக் கோணங்கள். ஒன்று 65 டிகிரி என்றால் மீதி ஏழும் 65 அல்லது 115, வேறு பேச்சே கிடையாது. எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் ஒருவரைக் கேட்டாலே மற்ற ஏழு பேர் அபிப்பிராயமும் தெரிந்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு. நாங்கள் நாலே பேர். எங்கள் அபிப்பிராயங்கள் ஐந்துக்குக் குறைந்ததில்லை.

நகர நிர்மாணத்தில் எனக்கு முன்னனுபவம் உண்டு. நவராத்திரிக் கொலுவில் பூங்கா போடுவது என் இலாகா. கடுகு தூவிப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. அந்தத் தகுதியில், பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பொம்மைக் கார் ஒன்றையும் செட்டியார் பொம்மையையும் அவளுடைய சார்ட் பேப்பர் மேல் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஸ்கேலை எடுத்துக் காரை அளந்தாள். ஏழு சென்டிமீட்டர். "அப்பா, இந்தக் கார் 140 மீட்டர் நீளம்." செட்டியாரை அளந்தாள். பதினைந்து. "இவர் 300 மீட்டர்." மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே 52 மீட்டர்தான், அவள் ஊரில் வைத்தால் இரண்டரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கோபுரத்தை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு மனிதர் துவரம்பருப்பு விற்றால் ஹெலிகாப்டரில் வந்துதான் வாங்க வேண்டும். செட்டியார் மறுபடி பரணுக்குப் போனார்.

கோபுரப் பேச்சு வந்த பிறகு மதுரைக்காரன் சும்மா இருக்க முடியுமா? "ஊர்னா நம்ம ஊர் மாதிரி இருக்கணும்" என்று ஆரம்பித்தேன். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி, சதுரத்துக்குள் சதுரத்துக்குள் சதுரம் என்று கையாலேயே வரைந்து காட்டினேன். வெளி வீதிப் பக்கம் முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்ததையும், 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததையும், விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பதையும் சொன்னேன். அவள் என் போனில் வரைபடத்தைத் திறந்து, திரையின் மேலேயே கோணமானியை வைத்துப் பார்த்தாள். "எதுவுமே 90 இல்லையேப்பா. அந்தக் கலெக்டர்கிட்ட ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லையா?" என்றாள். பிறந்ததிலிருந்து நடந்துகொண்டிருக்கும் தெருக்கள் கோணல் என்பதை எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

அவளுக்குப் பிடித்தது சண்டிகர். லெ கார்புசியே போட்ட திட்டம். ஒரு செக்டார் 800 மீட்டருக்கு 1,200 மீட்டர், ஸ்கேல் வைத்து இழுத்த தெருக்கள். ஆனால் அவள் கணக்குப்படி அது 40 செ.மீ.க்கு 60 செ.மீ. ஒரே ஒரு செக்டாரோடு சார்ட் தீர்ந்துபோகும். மனைகளைச் சின்னதாக்கினாள்.

மனை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் வேறொருவர் விழித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே எனக்கு ஒரு மனை இருக்கிறது. நான்கு பக்கம், நான்கும் நான்கு நீளம். தாலுகா ஆபீஸில் வாங்கிய புலப்படத்தில் நிலத்தின் குறுக்கே ஒரு மூலைவிட்டம் போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் செங்குத்தாக அளந்து எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை எத்தனையோ தரம் புரட்டியும் எனக்குப் புரிந்தது கையெழுத்தும் முத்திரையும்தான். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு முக்கோணம்ப்பா. அந்தக் கோடுதான் அடிப்பக்கம்" என்று பென்சிலால் பரப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பத்திரத்தோடு ஒத்துப்போனது. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு செவ்வக வீட்டைக் கற்பனையில் திருப்பித் திருப்பி வைத்துக் களைத்தவன் நான். எனவே அவள் ஊரில் செக்கச் செவ்வகமாக, இரண்டு தெரு சேரும் இடத்தில், தென்கிழக்குக் கார்னர் மனை ஒன்றை என் பெயரில் எழுதச் சொன்னேன். கார்னர் மனைக்கு விலை அதிகமாம். இரண்டு நாள் ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுவிடுவதாகப் பேசி முடித்தோம்.

அதன் பிறகு வீடே ஊரைக் கட்டத் தொடங்கியது. "ஏங்க, தண்ணி லாரி உள்ள வருமா?" என்றாள் மனைவி. தெரு ஒன்று 2 மி.மீ. அகலமானது. குப்பைத்தொட்டி யார் வீட்டு வாசலில் என்பதில் தகராறு வந்தது. மகள் மூன்று வீடுகளைப் புள்ளியாக வைத்து, கவராயத்தை எடுத்து, மையக்குத்துக்கோடுகள் வரைந்து, மூவருக்கும் சம தூரத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அது நடுரோட்டில் விழுந்தது. எங்கள் தெருத் தொட்டியும் நடுரோட்டில்தான் நிற்கிறது. யாரோ கவராயம் வைத்து முறைப்படி குறித்த இடம் அது என்று இப்போதுதான் விளங்கியது.

தெருக்குத்தை மச்சான்தான் கண்டுபிடித்தார். வேலை விஷயமாக வந்தவர், காபியை வைத்துவிட்டு சார்ட்டைக் குனிந்து பார்த்து, "மாப்ள, ரெண்டாவது தெரு நேரா வந்து தபால் ஆபீஸ் நெஞ்சுல குத்துதே" என்றார். அரசாங்கக் கட்டடத்துக்கும் தெருக்குத்து உண்டா என்று விவாதித்தோம். கடைசியில் அந்த முனையில் ஒரு பிள்ளையார் கோயில் வைப்பது என்று முடிவானது. விடைத்தாளில் அது "வெட்டுப்புள்ளி ப" என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் வாய் திறக்காமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது அம்மா ஒருத்திதான். எல்லாம் ஒட்டி முடிந்து ஃபெவிகால் காய்கிற நேரத்தில் வந்து, கோயிலைச் சுற்றியுள்ள செங்கோண மூலையில் விரலை வைத்து, "ஏத்தா, இங்கன தேர் எப்படித் திரும்பும்?" என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. மாசி வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். வடம் ஒரு திசையில் இழுபடும். தேருக்கு நேராகப் போகத்தான் பிரியம். ஆள் உயரத்துக்கு மேலான சக்கரத்தின் அடியில், இம்மி இடைவெளி கிடைக்கும்போது கட்டையைச் செருகுவார்கள். சக்கரம் கட்டையில் ஏறிச் சறுக்கி ஒரு சாண் திரும்பும். வடத்தை நிறுத்து, மறுபடி கட்டை, மறுபடி ஒரு சாண். அத்தனை பெரிய தேர் 90 டிகிரியைச் சில்லறை சில்லறையாகத்தான் வாங்கும். அதற்கு முனையில் இடம் வேண்டும். நம் மகளின் முனையில் ஒரு செட்டியார் கூட முழங்கை மடக்க முடியாது.

மகள் போனில் தேடினாள். அம்மாவுக்கு முன்பே ஸ்பெயினில் ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர், பார்சிலோனாவை விரிவாக்க 1859-ல் போட்ட திட்டத்தில், 113 மீட்டர் சதுரக் கட்டங்களின் நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் சீவிவிட்டார். நீராவி வண்டிகள் ஒருநாள் தெருவுக்குள் வரும், அவை திரும்ப இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊர்க்காரர்கள் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தது வேறொருவரின் வரைபடத்தை. மாட்ரிட் அரசு இவருடையதைத் தலையில் கட்டியது. எங்கள் வீட்டு மாட்ரிட் வெற்றிலையைக் குதப்பியபடி, "அப்ப சீவிரு" என்றாள்.

கத்தரிக்கோல் முதலில் வந்து நின்றது என் கார்னர் மனையில்.

"எல்லா முனையும்தாம்ப்பா" என்றாள் மகள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். பாதியாக்கினால் 50 சதுர மீட்டர். அவளுக்கு அது ஒரு செங்கோண முக்கோணம். எனக்கு ஒன்றேகால் சென்ட். நான் ஆட்சேபணை மனு கொடுத்தேன். பொதுநலம் என்றாள். முன்னறிவிப்பு இல்லை என்றேன். பாட்டியைக் கேட்கச் சொன்னாள். நஷ்டஈடு கேட்டேன். குறுக்குச் சாலைக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவே மிஞ்சிக் கிடந்த முக்கோணத் துண்டைக் காட்டி, "மாத்து மனை" என்றாள். முகம் சுளித்தேன். நியூயார்க்கில் பிராட்வே சாய்வாக வெட்டிப்போட்ட இப்படி ஒரு துண்டில்தான் 1902-ல் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை எழுப்பினார்கள், இன்றைக்கும் ஊரே நின்று போட்டோ எடுக்கிறது என்று படம் காட்டினாள்.

மச்சான் மட்டும் விடவில்லை. "மனைன்னா நாலு மூலை வேணும். ஈசான்யம், அக்னி, கன்னி, வாயு. இதுல மூணுதான இருக்கு. எது இல்லன்னு பாரு மாப்ள."

மகள் திசைகாட்டும் அம்புக்குறியைப் பார்த்து, சார்ட்டைத் திருப்பி, ஒவ்வொரு முனையாகத் தொட்டுச் சொன்னாள். வடகிழக்கு இருக்கிறது. வடமேற்கு இருக்கிறது. தென்மேற்கு இருக்கிறது. தென்கிழக்கைச் சாலை கொண்டுபோய்விட்டது.

"அக்னி மூலையா?" என்று அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அப்ப அந்த வீட்டுல சமையலறையே கிடையாதா?"

"வாஸ்துப்படி வைக்க இடமில்லக்கா" என்றார் மச்சான்.

"ஏங்க, பேசாம அதையே எழுதி வாங்கிருங்க" என்றாள்.