காமிராவுக்கும் வேர்க்கும் மருமகனே!

வா மருமகனே, உக்காரு. ராசிங்காபுரத்துக் குடோனுக்கும் மலையில இருக்கிற ஏலக்காய் ஸ்டோருக்கும் காமிரா மாட்டப் போறியாமே. நல்ல சேதி. களவாணிப் பயலுக காதுக்கும் எட்டிருச்சு. நீ வாங்கப் போற ரகத்தைக் கேட்டுட்டு அவனுகளுக்கும் ஏகச் சந்தோசம்.

காய்க்குக் காவல் வேணாம்னு சொல்ல நான் கிறுக்கனா? 2019-ல புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சே, அப்பப் பாயாசத்துல ரெண்டு ஏலக்காய் கூடப் போடச் சொன்னதுக்கு உன் அத்தை என்னைய மேலயும் கீழயும் பாத்தா. 5 கிலோ பச்சைக்காயைக் காய வச்சா 1 கிலோதான் தேறும். அதுலயும் ஒருத்தன் கை வச்சா வயிறு எரியத்தான் செய்யும். காமிரா வாங்கு. ஆனா வாங்குறது காவல் காக்கணும், வெந்துபோகக் கூடாது.

'அட்டைப்பெட்டியில ஐ.பி. 66-னு போட்டிருக்கு மாமா, எந்த வெயிலும் தாங்கும்னு கடைக்காரர் சொன்னாரு'ங்குற. சொல்லாம என்ன, அவரு கடையில ஏ.சி. ஓடுது. அந்த 66-ல மொத 6, தூசி உள்ள நுழையாதுங்குறதுக்கு. ரெண்டாவது 6, தண்ணியைப் பீச்சி அடிச்சாலும் இறங்காதுங்குறதுக்கு. வெக்கையைப் பத்தி அந்த எண்ணு வாயே திறக்கல. அதுக்கு வேற ஒரு வரி இருக்கு, எம்புட்டு டிகிரி வரைக்கும் ஓடும்னு, பொடி எழுத்துல. வீட்டுக்குள்ள மாட்டுற ரகம் பலதும் 40 டிகிரியோட கும்பிடு போட்டுரும். வெளியில மாட்டுற ரகம் பெரும்பாலும் 60 வரைக்கும் தாங்கும்.

'நம்ம ஊர்ல சித்திரையிலயே 40-தானே மாமா, 60 எதுக்கு'ன்னு கணக்குப் பாக்குற பாரு, அங்கதான் உன் படிப்பு தெரியுது. ரேடியோவுல சொல்ற 40 நிழல்ல இருக்கிற காத்தோட சூடு. மேக்குச் சுவத்துல மூணு மணி வெயிலை முகத்துல வாங்கிக்கிட்டு நிக்கிற தகரக் கூட்டோட சூடு அது இல்ல. போதாததுக்கு உள்ள இருக்கிற சில்லும் சுடும். ராத்திரி எரியுற அகச்சிவப்பு விளக்கும் சுடும்.

இருந்தாலும் களவாணிக்கு ஒத்தாசை செய்யணும்னு மனசுல இருந்தா, மாமன் வழி சொல்றேன், கேட்டுக்க.

கறுப்பு நிறத்துல வாங்கு. வெயிலை ஒரு சொட்டு விடாமக் குடிக்கும். பிளாஸ்டிக் மூடி போட்டதா பாரு. ரெண்டு கோடை போனா மூடி மஞ்சளடிச்சு, வாரவன் போறவன் எல்லாருக்கும் காமாலைன்னு காட்டும். அதைக் கொண்டுபோய்த் தகரக் கூரைக்கு அடியில ஒட்டி மாட்டு. மேல ஏறுற வெக்கை அம்புட்டும் அங்கதான் வந்து தங்கும். சூடு ஏற ஏற ராத்திரிப் படத்துல பொடிப்பொடியா புள்ளி விழும். மூட்டையைத் தூக்குறது உன் மச்சினனா, ஊரான் மகனான்னு நீ ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்கலாம். கரண்டுப் பெட்டியையும் அங்கேயே வை. அதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடுனா ஆயுசு பாதியாப் போகும்.

பதிவு பண்ணுற டி.வி.ஆர். பெட்டியைக் களவாணி தூக்கிருவான்னு இரும்புப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டு. காத்துப் போக ஓட்டை கீட்டை போட்டுறாத. இட்லிச் சட்டிக்குள்ள வச்ச மாதிரி ஹார்டு டிஸ்க் பதமா வெந்துரும். களவு போன அன்னைக்குத் திறந்து பாத்தா, காமிரா எல்லாத்தையும் பாத்திருக்கும், ஆனா ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது மலை ஸ்டோரு. காய் உலர்த்துற அறைக்குள்ளயே காமிரா வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாமே. அங்க 50 டிகிரியை ஒட்டி வெக்கை, பச்சைக்காய் விடுற ஆவி வேற. அதுக்குள்ள போயி ராவெல்லாம் நின்னு களவாங்குற ஒருத்தன் இருந்தான்னா, அவனைப் பிடிச்சுக் குடுக்காத, கூலி பேசி வேலைக்கு வச்சுக்க. காய் போறது அறைக்குள்ள இருந்து இல்லய்யா. தராசுல போகும், சாக்குத் தைக்கிற இடத்துல போகும், ஜீப்புல ஏத்துறப்பப் போகும். காமிராவை அங்கிட்டுத் திருப்பு. ஸ்டோர் வாசலை விட்டும் கொஞ்சம் தள்ளியே மாட்டு. கதவைத் திறந்தா ஆவி, சாத்துனா பனிமூட்டம். மாறி மாறி அடிச்சா கண்ணாடிக்கு உள்பக்கமே வேர்த்துரும்.

நெருப்புக்கிட்டப் போகாம தூரத்துல இருந்து பாக்கத்தான்யா இந்தச் சாமானே. 1942-ல ஜெர்மனிக்காரன் பீனமுண்டேங்குற ஊர்ல வி-2 ராக்கெட்டு விட்டுப் பாத்தப்ப, பக்கத்துல நின்னா கரிக்கட்டைதான்னு காமிராவை வச்சுட்டு எட்டத்துல உக்காந்து திரையில பாத்தான். இன்னைக்கும் இரும்பு உருக்குற உலைக்குள்ள பாக்குற காமிராவுக்குத் தண்ணியோ காத்தோ ஓடுற உறை மாட்டித்தான் விடுறாங்க. உன் ஸ்டோருக்கு அந்தச் செலவு வேணாம். தள்ளி வச்சுப் பாக்குற புத்தி இருந்தாப் போதும்.

நெசமாவே காய் மிஞ்சணும்னா இப்படிச் செய். 60 டிகிரிக்குக் குறையாத ரகம், வெள்ளை நிறம், அலுமினியக் கூடு. வடக்கு இல்லாட்டிக் கிழக்குச் சுவரு. கூரையை விட்டு ரெண்டு அடியாவது இறக்கம். மேல வெயில் தடுப்பு, தடுப்புக்கும் கூட்டுக்கும் நடுவுல காத்துப் போக இடைவெளி. டி.வி.ஆருக்குக் காத்தோட்டமான அறை, பூட்டோட. மாசம் ஒருக்கா தூசி தட்ட ஒரு ஆளு. வாரம் ஒருக்கா பழைய பதிவை ஓட்டிப் பாக்க நீயி.

இம்புட்டும் மறந்துபோனாலும் ஒண்ணை மறந்துறாத. காமிராவுக்கு முன்னாடி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, மாட்டப் போற இடத்துல ஒரு மத்தியானம் தொங்க விடு. அதுக்கும் காசு இல்லையா? ஏணியைப் போட்டு மூணு மணிக்கு அங்க நீயே ஏறி உக்காரு. கால் மணி நேரத்துல 'ஆத்தாடி'ன்னு இறங்கி ஓடியாருவ. உனக்குக் கால் இருக்கு மருமகனே, காமிராவுக்கு ஏது?