கோழிக்குஞ்சின் பால் அறிதல்: மணப்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

கடலின் நிறம் லேசாக மாறினாலே கீழே என்ன மீன் மேய்கிறது என்று சொல்லிவிடும் ஊர் மணப்பாடு. அந்த ஊரால், உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்குஞ்சு பெட்டையா சேவலா என்று சொல்ல முடியவில்லை. அறிவுலகின் இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போகவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை.

2. முன்னோர் கூற்று

தொல்காப்பியர் மரபியலில் இப்பொருளை விடவில்லை. சேவல் என்னும் பெயரை மயில் நீங்கலாகச் சிறகுள்ள ஆண்களுக்கெல்லாம் வழங்கினார். பெண்ணுக்குப் பேடை, பெடை என்றதோடு நில்லாமல், கோழிக்கும் கூகைக்கும் அளகு என்று தனிச் சிறப்புப் பெயரும் தந்தார். ஆனால் பறவைக் குஞ்சுக்கு? பார்ப்பு, பிள்ளை. அவ்வளவுதான். இவ்விரண்டிலும் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. இலக்கணப் பேராசானும் குஞ்சைத் தூக்கி, திருப்பி, உற்றுப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே விட்டிருக்கிறார் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

சமயச் சான்றுகளும் கைகொடுக்கவில்லை. வடக்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், திருச்செந்தூரில், சூரன் பிளவுபட்டு ஒரு கூறு சேவலாகிக் கொடியில் ஏறியது. இங்கே மணல் குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தைச் சுற்றி வாழும் மக்கள் அறிந்த சேவலோ, இராயப்பர் ஆண்டவரை மறுதலித்தபோது கூவியது. இரண்டும் வளர்ந்த சேவல்கள். குஞ்சுப் பருவத்தில் தீர்ப்புச் சொல்ல எந்த மறையும் துணியவில்லை.

3. ஆய்வுக் களம்

ஆச்சி வீட்டுப் புறவாசல். அடைக்கு வைத்த முட்டை 12, அதில் கூமுட்டை 1. 21-ஆம் நாள் வெளிவந்த குஞ்சுகள் 11. மூன்றாம் நாள் தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோனதால், தாய்மைப் பொறுப்பு ஒரு குண்டு பல்புக்கு மாற்றப்பட்டது.

பனையோலைப் பின்னலுக்குப் பேர்போன ஊரில் தொட்டிலுக்கா பஞ்சம்? அகலமான ஓலைப்பெட்டியில் உமி பரப்பினோம். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி, குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்துவிடும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி தேவையில்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. கடற்காற்று பெட்டிக்குள் புகாமல் சாக்கைத் தொங்கவிட்டோம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து. ராணிகேத் என்ற மலையூரின் பேரால் அறியப்படும் அந்நோய் சேவல், பெட்டை என்று பேதம் பார்ப்பதில்லை. அதற்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

4. உள்ளூர் முறைகள்

முதலாவது, முட்டை வடிவ முறை. நீண்டு கூர்த்த முட்டையில் பெட்டை என்றார் அரிஸ்டாட்டில். அதே முட்டையில் சேவல் என்றார் ரோமானியரான கொலுமெல்லா. எங்கள் ஆச்சி கொலுமெல்லா கட்சி, பக்கத்து வீட்டு மாமி அரிஸ்டாட்டில் கட்சி. உண்மையில், ஓடு உருவாகும் முன்பே மஞ்சள் கருவில் பால் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வதும் சேவல் அல்ல, பெட்டை. மனிதரில் தந்தையின் அணு செய்யும் வேலையைக் கோழியில் தாயின் அணு செய்கிறது. பேரன் பிறக்கவில்லை என்று மருமகளை ஏசும் மாமியாரின் வாதம் கோழிக்கூட்டில் மட்டும்தான் எடுபடும்.

இரண்டாவது, நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் மேல் தொங்கவிடும் முறை. வட்டமிட்டால் பெட்டை, நேர்கோட்டில் ஆடினால் சேவல். மணப்பாட்டுக் காற்றில் மோதிரம் இரண்டும் செய்தது.

மூன்றாவது, மிரட்டும் முறை. கையைத் தட்டினால் பதுங்குவது பெட்டை, நிமிர்வது சேவல். பதினொன்றும் பதுங்கின. ஆச்சிக்கு அன்று ஒரே சந்தோஷம்.

கவனிக்க: இம்முறைகள் எல்லாம் ஏறக்குறைய பாதி தடவை சரியாகவே வரும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அப்படித்தான் வரும். பலித்த பாதியை ஊரெல்லாம் சொல்கிறோம்; பலிக்காத பாதியைக் குழம்பு வைத்துவிடுகிறோம். ஒரு முறை தலைமுறை தலைமுறையாக வாழ்வதற்கு இது போதும்.

5. அயலார் வித்தை

1920-களில் ஜப்பானில் மசுயி, ஹஷிமோட்டோ ஆகிய அறிஞர்கள், ஒருநாள் குஞ்சின் கழிவாயை விரித்து, உள்ளே ஊசிமுனை அளவுள்ள புடைப்பை வைத்துப் பால் அறியும் வழியை வகுத்தனர். தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சுகள்வரை பிரிப்பார்கள், தப்பு மிகக் குறைவு. ஆச்சி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "சீ, காலங்காத்தால என்ன பேச்சுல இது!"

சிறகை விரித்துப் பார்க்கும் வழியும் உண்டு. பெட்டைக்கு இறக்கைத் தூவிகள் நீளமும் குட்டையுமாக முளைத்திருக்கும், சேவலுக்கு ஒரே சீராக இருக்கும். ஆனால் அதற்கென்றே கலந்து உருவாக்கிய இனங்களில்தான் அது செல்லும். தெருவெல்லாம் சம்பந்தம் செய்துகொண்ட நாட்டுக்கோழியிடம் செல்லாது.

இவ்வித்தையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சேவல் குஞ்சால் பயனில்லை. பிரித்ததும் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகிறார்கள்; ஜெர்மனி 2022 முதல் அதற்குத் தடை விதித்தது. தப்பியவற்றில் சில பச்சை, ரோஸ், ஊதாச் சாயம் பூசிக்கொண்டு திருவிழாக் கடைக்கு வருகின்றன. கலர் குஞ்சு வாங்கி வந்து முட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை அறிவது நல்லது.

6. முடிவு

ஆறாம் வாரம் ஐந்து குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்து தடித்தது. மூன்றாம் மாதம் அந்த ஐந்துக்கும் கழுத்திலும் இடுப்பிலும் கூரான தூவி இறங்கியது. மற்ற ஆறுக்கும் தூவி நுனி மழுங்கியே இருந்தது. நான்காம் மாதம் ஒருநாள் விடியலில், ஆச்சி 'ராசாத்தி' என்று பேர் வைத்து நொய்யும் கருவாட்டுத் தூளும் தனியாக ஊட்டி வளர்த்த குஞ்சு, மதில்மேல் ஏறிக் கூவியது.

"கூவுனா சேவலு, இட்டா பெட்ட. இதுல என்னல ஆராய்ச்சி?" என்றாள் ஆச்சி. இதுவரை மறுக்கப்படாத ஒரே முடிவு இதுவே.

ஆகவே வாசகருக்கு ஒரு பரிந்துரை: நான்கு பெட்டை வேண்டுமானால் எட்டு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குங்கள். மீதி நான்கைக் கிறிஸ்துமஸ் பார்த்துக்கொள்ளும்.