படம் முடிஞ்ச மறுநாள் பெரட்டு

படம் பாக்கறவன் கெட்டுப்போவான்னு நான் சொல்லமாட்டேன் பேராண்டி. அப்படிச் சொன்னா இந்த நெகிரி செம்பிலான்ல கெடாத தோட்டம் ஒன்னுகூட மிஞ்சாது. லிங்கி, லாபு, சிலியாவ், பகாவ்னு எங்கெங்க திடல் இருந்துச்சோ அங்கெல்லாம் ரெண்டு கம்பம் நட்டு வெள்ளத்துணி கட்டினாங்க. சினிமா லோரி வந்துட்டா அன்னிக்கி லயத்துல அடுப்பு வெள்ளன அணஞ்சிடும். கிராணி வீட்டுக்கு நாற்காலி, கங்காணிக்குப் பெஞ்சி, நமக்குச் சாக்கு. சாக்குலயும் எடம் கெடைக்கலன்னா துணிக்குப் பின்பக்கம். நான் பாத்த படத்துல பாதி பின்பக்கத்துல ஒக்காந்து பாத்ததுதான். எம்.ஜி.ஆர். எனக்கு எடது கையாலதான் வாள் சுத்துனாரு. பேரு போடற எழுத்தெல்லாம் வலதுலேருந்து எடதுக்கு ஓடும். படிக்கத் தெரியாத சனத்துக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல.

ஆனா பின்னால ஒக்காந்தவனுக்குத்தான் துணி வெறும் துணின்னு தெரியும். நீ போன்ல பாக்கறவன். போனுக்கு ஏது பின்பக்கம்? அதனால ஒனக்கு ரெண்டு புத்தி சொல்ல வேண்டியிருக்கு. கேட்டா கேளு, கேக்கலன்னா காப்பிய குடிச்சிட்டுப் போ.

மொத புத்தி. காதல் படம் பாக்கறப்ப கதாநாயகன் மூஞ்சியப் பாக்காத, அவன் எத்தன மணிக்கி வேலைக்கிப் போறான்னு பாரு. பாட்டுக்குப் பாட்டு மலையேறுவான், பனியில உருளுவான். ஒரு நாளாச்சும் ஒடம்பு முடியலன்னு எம்.சி. லீவு போட்டதாக் காட்டுவானா? நம்ம பயலுக செனவாங் பேக்டரியில ரெண்டு நாள் எம்.சி. போட்டாலே சூப்பர்வைசர் மொறைக்கிறான்.

1959ல ஸ்ரீதரோட கல்யாண பரிசு வந்தப்ப தோட்டமே அழுதுச்சு. அக்காளும் தங்கச்சியும் ஒரே ஆளு மேல ஆசப்பட, தங்கச்சி சரோஜாதேவி அக்காளுக்காக ஜெமினி கணேசன விட்டுக்குடுத்துடறா. பொறவு அக்கா செத்துப்போக, அந்தப் புள்ளயத் தூக்கிட்டு வந்து, பழைய காதலி கல்யாணத்துக்குப் பரிசாக் குடுத்துட்டுப் போறாரு மனுசன். எல்லாரும் மூக்கச் சிந்தினாங்க. எங்காத்தா மட்டும், "புள்ள வளக்க ஆளு புடிச்சான் பாரு, கெட்டிக்காரன்"னுச்சு. எனக்கு அதுல புடிச்சது தங்கவேலு. மன்னார் அண்ட் கம்பெனியில வேலன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு முழிப்பாரு. அந்தப் படத்துலயே வேல இல்லன்னு வெக்கப்பட்ட ஒரே ஆம்பள அவருதான். அவரத்தான் காமெடியன்னு சொல்லிட்டாங்க.

1996ல காதல் கோட்டைன்னு வந்துச்சு, அஜித்தும் தேவயானியும். ரயில்ல தொலஞ்சுபோன சர்ட்டிபிகேட்ட அவன் கண்டெடுத்துத் தபால்ல அனுப்பறான். அதுலேருந்து கடுதாசி, கடுதாசியில காதல். ஒருத்தர ஒருத்தர் கண்ணாலயே பாக்கல. ஊரே வாயப் பொளந்துச்சு. அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநர்னு தேசிய விருதே குடுத்தாங்க. நானுந்தான் ஒன் பாட்டிய பாக்காமலே கட்டுனேன். எனக்கு ஒரு மாலைகூட எவனும் போடல. இருந்தாலும் சொல்றேன், அந்தப் படத்துல காதல்ங்கறது மொத சீனுலயே முடிஞ்சுபோச்சு. யாரோ ஒரு பொண்ணோட சர்ட்டிபிகேட்டு, அதப் பத்திரமாத் திருப்பி அனுப்புனான் பாரு, அதான் காதல். மிச்சமெல்லாம் தபால்காரன் பாடு.

இன்னொரு ரகம் இருக்கு. பொண்ணு வேணாங்கும், இவன் பஸ் ஸ்டாண்டு, கோயிலு, காலேஜின்னு பின்னாலயே போவான். அவ திட்டுவா, இவன் சிரிப்பான், கடசியில அவளும் சிரிப்பா. அதப் பாத்துட்டு சிரம்பான் பஸ் ஸ்டேஷன்ல எவனாச்சும் செஞ்சு பாக்கட்டும். 2023ல இந்த நாட்டுல அதுக்குன்னே சட்டம் போட்டாச்சு, மூணு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். பின்னாலயே போனா பாட்டு வராது தம்பி, போலீஸ் காடிதான் வரும்.

அப்ப நல்ல காதல் படமே இல்லையான்னு கேப்ப. இருக்கு. மணிரத்னம் 2000ல எடுத்த அலைபாயுதே. அதுல தாலி கட்டறது பாதியிலயே முடிஞ்சிடுது. அப்பறந்தான் படமே ஆரம்பம். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் முட்டிக்கிறாங்க, மொகத்தத் திருப்பிக்கிறாங்க. கல்யாணத்துக்கு மறுநாள் விடியும்ங்கற வெவரம் தெரிஞ்சவரு எடுத்த படம். நம்ம நாட்டுலயே யாஸ்மின் அகமட் 2009ல தேலென்டைம்னு ஒன்னு எடுத்தாங்க, அவங்களோட கடசிப் படம் அது. மகேஷ்னு நம்ம பையன், காது கேக்காது, வாய் பேசாது. மெலூர்னு ஒரு பொண்ணு, நல்லாப் பாடும். அந்தப் பாட்டு அவன் காதுல விழாது. வசனம் பேசாம காதலிச்ச ஒரே கதாநாயகன் அவன்தான்னு ஒன் பாட்டி இன்னும் சொல்றா. சொல்லும்போது என்னையப் பாத்துச் சொல்றா.

ரெண்டாவது புத்தி, ராஜா படத்துக்கு. அரண்மனையக் காட்டினா ராஜாவப் பாக்காத, கூட்டறவன் எங்கன்னு தேடு. யானை வருதுன்னா அதுக்குப் பின்னால அள்ளறவன் யாருன்னு தேடு. நூறு யானை வரும், ஒரு கூடைகூட இருக்காது.

1958ல நாடோடி மன்னன். எம்.ஜி.ஆர். ராஜாவும் அவரே, நாடோடியும் அவரே, டைரக்டரும் அவரே. பானுமதி இருக்கற வரைக்கும் கறுப்பு வெள்ள. அந்தம்மா கதைய முடிச்சிட்டு, சரோஜாதேவி வந்ததும் படம் கலராயிடுச்சு. கொஞ்சம் வசதி வந்ததும் கதாநாயகிய மாத்தற புத்தி நம்ம ஆளுகளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?

அடுத்த வருசம் வீரபாண்டிய கட்டபொம்மன். வரி கேட்ட வெள்ளக்காரன் கிட்ட சிவாஜி கர்ஜிச்சாரு பாரு, திடல்ல சாக்கு விரிச்சவன் பூரா எந்திரிச்சுட்டான். எங்கப்பா விசிலடிச்சத அன்னிக்கித்தான் மொதமொதல்ல கேட்டேன். மலாயாவுக்குச் சொதந்தரம் வந்து ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு, ஆனா எங்க தொர அதே வெள்ளக்காரத் தொரதான். மறுநாள் விடியக்காலம், வேலைக்கி ஆளெண்ணற பெரட்டுக்களத்துல தொர வந்து நின்னாரு. ராத்திரி எந்திரிச்ச அத்தன கட்டபொம்மனும் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, குட் மார்னிங் தொரன்னு வரிசையில நின்னாங்க. எங்கப்பா கொஞ்சம் சத்தமாவே சொன்னாரு. தப்புன்னு சொல்லல. கட்டபொம்மனுக்குக் கோட்ட இருந்துச்சு, எங்கப்பாவுக்கு லயத்துல ஒரு காம்பரா.

நீ மட்டும் என்ன? 2022ல பொன்னியின் செல்வன் வந்தது, மறு வருசம் ரெண்டாம் பாகமும் வந்துச்சு. தோள்ல புலிய பச்ச குத்திக்கிட்டு, நாமெல்லாம் சோழ பரம்பரைங்கற. கல்கி அத 1950லேருந்து 54 வரைக்கும் வாராவாரம் எழுதினப்ப, படிச்சவங்க வந்தியத்தேவன் குதிரைய நெனச்சாங்க, தங்களையே ராஜான்னு யாரும் நெனச்சுக்கல. அந்தக் கதையில வர்ற அருள்மொழியோட மகன் ராஜேந்திரன் 1025ல கடாரத்த அடிச்சது நெசந்தான். கெடா அந்தக் கோடியில இருக்கு. அவரு அனுப்பின படை கப்பல்ல வந்துச்சு. ஒன் கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பல்ல, அடித்தட்டுல, ஒரு தகரப் பொட்டியோட வந்தாரு. ரெண்டு கப்பலயும் ஒன்னாக் கட்டாத, மூழ்கிடும்.

தஞ்சாவூர்க் கோயில் கல்வெட்டுல பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரு இருக்குதுங்கறாங்க. கட்டினவன் பேர கல்லுல வெட்ட வச்ச ராஜா அந்த அருள்மொழிதான். நம்ம படங்கள்ல எந்தத் தச்சனுக்குக் கிட்டத்துல கேமரா வச்சாங்க சொல்லு? நெசமான அரண்மன பாக்கணும்னா கோலப்பிலா பஸ் ஏறி ஸ்ரீ மெனாந்திக்குப் போ. 1902ல ஆரம்பிச்சு 1908ல முடிச்ச மர அரண்மன, 99 தூண், இரும்பு ஆணி ஒன்னு கெடையாது. கட்டின தச்சங்க பேரு காஹார், தாயிப்னு இன்னிக்கும் சொல்றாங்க. அங்க போய் ராஜா கட்டில மட்டும் போட்டா எடுத்துட்டு வராத, தூணையும் தடவிப் பாரு.

இன்னொன்னும் தெரிஞ்சுக்க. நம்ம ராஜா படத்துல ராணிக்கி வேல ஜன்னல்ல நின்னு தோழிகிட்ட பெருமூச்சு விடறது. இந்த மாநிலத்துல அடாட் பெர்ப்பாத்தேன்னு ஒரு வழக்கம். பரம்பர நெலம் அம்மாகிட்டேருந்து மகளுக்குத்தான் போகும். கல்யாணமான மாப்ள பொண்டாட்டி வீட்டுப் பக்கம் போய்க் குடியிருப்பாரு. நாம தலமொறையா இதே ஊர்ல கித்தா மரம் சீவிக்கிட்டு, பக்கத்துக் கம்போங்ல நடக்கறதப் பாக்காம, திரையில ராணி பெருமூச்சுக்கு அழுதோம்.

கெமாசுக்குத் தெக்கால லேடாங் மல இருக்கு பாரு, அந்த மலையோட இளவரசி கதைய 2004ல மலாயில படமா எடுத்தாங்க, புத்ரி குனோங் லேடாங்னு. மலாக்கா சுல்தான் பொண்ணு கேட்டு ஆளனுப்பறாரு. அவளுக்கு இஷ்டமில்ல, இல்லன்னும் சொல்லல. தங்கத்துல ஒரு பாலம், வெள்ளியில ஒரு பாலம், ஏழு தாம்பாளம் நெறைய கொசுவோட நெஞ்சுன்னு அடுக்கறா. கடசியா மகனோட ரத்தத்தக் கேக்கறா. சுல்தான் அங்கயே நின்னுட்டாரு. நம்ம பக்கம் மாப்ள வீட்டுக்காரன் பட்டியல் போடற வழக்கத்த மாத்தி, பொண்ணு பட்டியல் போட்டா எப்படி இருக்கும்னு அந்தக் கத எப்பவோ சொல்லிடுச்சு. ஒன் பாட்டிக்கி அதுவும் புடிக்கும், கொரியாக்காரன் எடுத்த டே ஜாங் கும்மும் புடிக்கும். அரண்மன அடுப்படியில வேல செஞ்ச பொண்ணு ராஜாவுக்கே வைத்தியச்சி ஆன கத. அரண்மனையில அடுப்பு எரியறத காட்டினானே ஒருத்தன்னு சந்தோசப்பட்டா.

நம்ம பொழப்பையும் படமா எடுக்காம விடல. 2013ல பாலா பரதேசி எடுத்தாரு. பி.எச். டேனியல் எழுதின ரெட் டீ புத்தகத்துலேருந்து வந்தது, தேயிலத் தோட்டக் கத. கங்காணி ஊருக்குள்ள வந்து தேனாப் பேசற சீனு வந்ததும் ஒன் பாட்டி டிவிய அணச்சிட்டா. "பாத்தது பத்தாதா, இன்னும் காசு குடுத்து வேற பாக்கணுமா?"ன்னா. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட், தோட்டத்த விட்டு வெளிய வந்த நம்ம சனத்தப் பத்தி. 2016 மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குச்சு. நம்ம லயத்துல அதப் பாத்தவன விரல் விட்டு எண்ணிடலாம். அதே வருசம் கபாலி. தோட்டத்துல பொறந்த பய கோட்டுப் போட்டுட்டு கால் மேல கால் போட்டு ஒக்காந்ததும் தியேட்டரே அதிந்துச்சு. நம்ம நாட்டுல காட்டின படத்துல மட்டும், கடசியில அவரு போலீஸ்ல சரணடைஞ்சாருன்னு எழுத்துப் போட்டாங்க. எனக்கு அதுல அடிதடி எதுவும் மனசுல நிக்கல. வயசான காலத்துல காணாமப்போன பொண்டாட்டியத் தேடிப் போறாரு பாரு, அதுக்கு நான் கண்ணத் தொடச்சேன். பாட்டி பாக்கறதுக்குள்ள தொடச்சேன்.

சரி, விசயத்துக்கு வரேன். உங்கம்மா சொல்லித்தான் ஒன்ன கூப்பிட்டேன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும். ஒனக்குப் பாத்த சுவா பெத்தோங் பொண்ண வேணாம்னியாமே. பாத்ததும் மனசுல மணி அடிக்கலன்னியாம். மணி அடிச்சா தோட்டத்துல என்ன நடக்கும் தெரியுமா? இருட்டுல எந்திரிச்சு பெரட்டுக்கு ஓடணும். அந்த மணி எங்களுக்குத் தெனமும் அடிச்சுது, ஒருத்தனுக்கும் காதல் வரல.

அந்தப் பொண்ணு நர்சு வேல பாக்குதாம், ராத்திரி ஷிப்டும் போகுதாம். அதுக்குப் படம் பாக்க நேரமிருக்காது. ஒனக்கோ படம் பாக்கறதே வேல. பொருத்தம் சரியாத்தான் இருக்கு. ஒரு தரம் முறையாப் பேசிப் பாரு. அது வேணாம்னுச்சுன்னா, சரிங்கன்னு கும்பிட்டுட்டு வந்துடு, பின்னால போயி நிக்காத. சரின்னுச்சுன்னா, ஒனக்குச் சோறாக்கத் தெரியுமான்னுதான் மொதக் கேள்வி வரும், ராத்திரி ஷிப்டுக்காரி வேற எதக் கேப்பா? அதுக்குள்ள பாட்டிகிட்ட ரசம் வைக்கவாச்சும் கத்துக்க. எனக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு அவ கல்யாணமான மறுநாளே சொன்னா. நான் இன்னும் கத்துக்கல, அதனாலதான் இத்தன வருசமா அவ எந்தப் படத்த நல்லாருக்குன்னு சொன்னாலும் ஆமான்னு தலையாட்டிக்கிட்டிருக்கேன்.