நேத்து வந்திருக்கணும்!

லேக் கார்டன் பூங்காவில் காரை நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குள் அந்த வாக்கியம் வந்து விழும்: "நேத்து வந்திருக்கணும் நீங்க!"

சொல்பவர் நம் பறவை அண்ணன். பச்சைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், பையில் நாசி லெமாக். கிள்ளான் பள்ளத்தாக்கில் பறவை பார்க்கும் குழு எதுவானாலும் இவர் ஒருவர் இருப்பார்.

நேற்று இதே மரத்தில் கீச்சான் இருந்ததாம். தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து தட்டானைப் பிய்த்துத் தின்றதாம். இன்று அங்கே மைனா. சனிக்கிழமை போனால் வெள்ளிக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போனால் வியாழன். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும் பறவைகள் நம் லீவுப் பாரத்தைப் பார்த்துத்தான் புறப்படுகின்றன போலும். ஒருநாள் விடியுமுன்பே போய் நின்றேன். "ராத்திரி ஆந்தை ஒண்ணு கத்துச்சு பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

அண்ணனுக்கு மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளிக்கடை. வியாதி அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். "இதே பார்டர்ல மயில்கழுத்துக் கலர் ஒண்ணு இருந்துச்சுக்கா, நேத்துதான் போச்சு." கடையில் அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டு. போன சேலைக்கு ஏங்குகிற அக்கா, இருக்கிற சேலையும் போய்விடுமோ என்று பயந்து வாங்கிவிடுவார். பூங்காவில் யாருக்கு எதை விற்கப் பார்க்கிறார்? மைனாவையா?

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கிள்ளான் காக்கைகளின் பூர்வீகத்தை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். "காப்பி போச்சு, ரப்பர் வந்துச்சு, அதுவும் போச்சு. காக்கா மட்டும் போகல. நம்மள மாதிரியேதான்!"

இன்னொன்று அவர் சொல்லாதது, கடைப் பையன் சொன்னது. இரவில் பயணம் போகும் நீலச்சிறகுப் பிட்டா ஒன்று நகர வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியில் மோதி, கடை அஞ்சடியில் விழுந்து கிடந்ததாம். அண்ணன் சேலைப் பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் துணி விரித்து, இருட்டில் வைத்தார். வாடிக்கையாளர் யாரும் சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு. மத்தியானம் தானே எடுத்துப்போய் லேக் கார்டனில் விட்டார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. கையிலேயே இருந்த பறவையைப் பற்றி மட்டும் மனிதர் வாய் திறந்ததில்லை.

இதற்காகவே அவரை மன்னித்திருப்பேன், தஞ்சோங் துவானுக்கு அவரோடு போகாமல் இருந்திருந்தால். போர்ட்டிக்சன் பக்கத்தில், கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த முனைக்கு, சுமத்ராவின் ரூபாட் தீவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து தேன்பருந்துகள் வரும். நிலத்தின் மேல் எழும் வெப்பக்காற்று கடலில் கிடையாது. அதனால் சிறகடித்தே வந்து, களைத்து, தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். மலேசிய இயற்கைக் கழகம் மார்ச்சில் இதற்கென்றே விழா நடத்துகிறது.

அங்கே நின்றுகொண்டு அண்ணன் கைத்தொலைபேசியை நீட்டினார். போன வருஷப் பருந்து. "இத பாருங்க, இறக்கையில வரி தெரியுதா? இன்னும் பெருசாக்குறேன்." சுற்றியிருந்தவர்கள் "ஆ" என்று கத்தினார்கள். நிமிர்ந்தபோது ஏழெட்டுப் பருந்துகளின் வால்கள் காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. இது வேடிக்கை இல்லை. இரண்டு மணி நேரம் காரோட்டி வந்து, வெயிலில் காய்ந்து, நான் பார்த்தது ஒரு கண்ணாடித் திரை. அவருக்கு வருத்தமே இல்லை. அடுத்து வருகிறவருக்குச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டதே!

மார்ச்சில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகுதான் பருந்துகள் வரும், அவசரப்பட வேண்டாம். தொப்பி, தண்ணீர், சொந்த பைனாகுலர் கொண்டுபோங்கள். பச்சைத் தொப்பிக்காரர் யாராவது பக்கத்தில் வந்து தொலைபேசியை எடுத்தால், தயவுசெய்து நாலடி தள்ளி நில்லுங்கள்.