பாட்டி தைத்த போர்வைக்கு ஒட்டுப் போடலாமா?

கேள்வி: அப்பாயி தன் பழைய நூல் சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை எங்களிடம் இருக்கிறது. மேல் சேலை நைந்து இழை இழையாகத் தொங்குகிறது. அதை உரித்துவிட்டுப் புதுத் துணி போட்டால் என்ன? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: உரித்தால் முதலில் போவது அப்பாயியின் தையல். அத்தனை சேலைகளையும் ஒரே போர்வையாகப் பிடித்துவைத்திருப்பது அந்த ஓட்டுத் தையல்தான். அதைப் பிரித்தபின் உங்கள் கையில் மிஞ்சுவது வெறும் பழந்துணி.

ஒட்டுப் போடுங்கள். போர்வையைத் தரையில் விரித்து, தொங்கும் இழைகளை விரலால் நீவி, அவை இருந்த இடத்திலேயே படியவிடுங்கள். கத்தரிக்கோல் கிட்டவே வரக் கூடாது. கிழிசலுக்கு அடியில் நுழைக்க, பலமுறை துவைத்து மெலிந்த வேட்டித்துணி நல்லது. புதுத் துணி முதல் சலவையிலேயே சுருங்கி, பக்கத்தில் நைந்திருப்பதையும் சேர்த்து இழுத்துவிடும். ஒட்டின் பாவும் ஊடையும் சேலையின் பாவு, ஊடை போகும் திசையிலேயே போகட்டும்; மாறினால் சுருக்கம் விழும். கிழிசலின் விளிம்பில் தைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி, துணி கெட்டியாக இருக்கும் இடத்தில் ஊசியை ஏற்றுங்கள்.

நூல் மெல்லிய பருத்தி நூலாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் நூல் லேசில் அறாது, அதனால் அது துணியை அறுக்கும். இழுபடும்போது ஏதாவது ஒன்று அறுந்தே தீரும் என்றால் நூல் அறட்டும், மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

ஒட்டு வெளியே தெரியுமே என்று கவலை வேண்டாம். அப்பாயி போட்ட ஒட்டுகளும் தெரியத்தானே செய்கின்றன!

கேள்வி: தெருமுனைத் தையற்கடையில் மெஷினில் ஓட்டித் தருகிறேன் என்கிறார்களே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நைந்த துணியில் மெஷின் ஊசி வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டு போனால், தபால்தலைத் தாளில் குத்தியிருப்பது போல, கிழிவதற்குக் கோடு போட்டுக் கொடுத்ததாகிவிடும். கைத்தையல்தான்.

கேள்வி: எங்கள் போர்வையில் சிவப்பும் பச்சையும் நன்றாக இருக்க, கறுப்புச் சேலை மட்டும் தொட்டாலே பொடியாகிறது. கறுப்புக்கு என்ன சாபம்? (ஒரு வாசகி, கோவை)

பதில்: சாபமில்லை, சாயம். கந்தகக் கறுப்பு என்று ஒரு மலிவான சாயம் பருத்திக்கு வெகுவாகப் பயன்பட்டது. ஈரமும் சூடும் உள்ள இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள கந்தகம் மெல்லமெல்லக் கந்தக அமிலமாகி நூலைத் தின்றுவிடும். அதற்கு முந்தைய காலத்து இரும்புக் கறுப்பும் இதே வேலையைச் செய்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீட்டித் துணிகளில் பூவும் இலையும் பளிச்சென்று இருக்க, அவற்றைச் சுற்றி வரைந்த கறுப்புக் கோடு மட்டும் இற்றுப்போயிருக்கும்.

பொடியாகும் இடத்தில் ஊசி குத்தாதீர்கள். அதன்மேல் மெல்லிய கறுப்பு வலைத்துணியைப் பரப்பி, சுற்றிலும் நல்ல துணி இருக்கும் இடத்தில் தைத்துவிடுங்கள். பார்க்கிற கண்ணுக்கு வலை தெரியாது, உதிர்கிற இழையும் உள்ளேயே நிற்கும்.

கேள்வி: வாஷிங் மெஷினில் போடலாமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: கூடாது. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சற்று நேரம் அழுத்தி எடுங்கள். சுங்குடிச் சிவப்பு வெள்ளையில் ஏறினால் துவைக்கும் யோசனையையே விடுங்கள். 1960களில் அமெரிக்கக் கடைகளில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை, சாயம் போகும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது சரி. ஐந்து சேலைகள் ஒட்டிக்கிடக்கும் போர்வைக்கு ஆகாது.

சாயம் போகவில்லையா? அகலமான தொட்டியில் பழைய கொசுவலையை விரித்து, அதன்மேல் போர்வையைக் கிடத்தி, லேசான சோப்புத் தண்ணீரில் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அலசுங்கள். வலையோடு சேர்த்தே தூக்குங்கள். நனைந்த போர்வையின் எடையை அதன் பழைய இழை தாங்காது. முறுக்கிப் பிழியாமல், கொடியில் போடாமல், நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: இந்தக் கந்தலைத் தூக்கிப் போடு என்கிறார் வீட்டுக்காரர். என்ன பதில் சொல்ல? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலைச் சட்டை, கால்சட்டைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அந்நாட்டுத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அப்படியும் அவர் மசியவில்லை என்றால் மார்கழி இரவில் போர்த்திவிடுங்கள், மறுபேச்சு வராது.

கேள்வி: அக்கா, நான், தம்பி என்று மூன்று பேர். போர்வை ஒன்று. மூன்றாக வெட்டிப் பங்கு போடலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: ஐயோ! வெட்டிய ஓரமெல்லாம் பிரியும், தையல் அத்தனையும் அவிழும். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வீடு என்று முறை வையுங்கள். யார் வீட்டில் இருக்கும்போது கிழிகிறதோ அவர் தைக்கட்டும்.

கேள்வி: பேத்தி பிறந்திருக்கிறாள். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த போர்வையை அவளுக்கு விரிக்க ஆசை. விரிக்கலாமா? (ஒரு பாட்டி, சிவகாசி)

பதில்: அப்படியே விரிக்காதீர்கள் அம்மா. அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பச்சைப்பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைக்கு அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. மேலே சொன்னபடி அலசி, காற்றோட்டமான நிழலில் வாசனை அறவே போகும்வரை விரித்துப்போடுங்கள். அதன்பிறகும் மூக்குக்குத் துளி வாசனை எட்டினால் அதை நீங்கள் வைத்துக்கொண்டு, பேத்திக்கு உங்கள் வேறொரு பழைய சேலையை நாலாக மடித்துத் தையுங்கள்.

இனி பீரோவில் உருண்டை வேண்டாம். துவைத்த வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறி, முன்பு மடித்த கோட்டில் விழாமல் வேறு இடத்தில் மடியுங்கள்.